911 அடிச்சா எந்த ரூம்னு தெரியணும்: ஆபீஸ், மோட்டல் போன் சிஸ்டத்தை ஒழுங்கா செட் பண்றது எப்படி

அமெரிக்கால ஆபீஸ், மோட்டல், கிளினிக்னு போன் சிஸ்டம் போட்டுக் குடுக்கறதுதான் நம்ம பொழப்பு. புதுசா ஒரு இடத்துக்குப் போனா முதல்ல ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன், பின்னாடி ஸ்டோர் ரூம்ல மாட்டியிருக்கற போன்ல இருந்து 911, அதாவது இங்க இருக்கற அவசர உதவி நம்பர அடிச்சா அந்தப் பக்கம் எடுக்கறவங்க ஸ்க்ரீன்ல என்ன அட்ரஸ் வரும்? முக்காவாசி ஓனருங்க "நம்ம அட்ரஸ்தான், வேற என்ன வரும்"னு சொல்லிட்டு கொஞ்ச நேரம் கழிச்சு என் மூஞ்சிய பாப்பாங்க. ஏன்னா டெஸ்ட் பண்ணிப் பாத்தா சில நேரம் பில் போற அட்ரஸ் வரும், சில நேரம் மூணு வருஷம் முன்னாடி காலி பண்ண பழைய ஆபீஸ் வரும், சரியா வந்தாலும் வெறும் தெரு நம்பர்தான் வரும், நாலு மாடில எந்த மாடின்னு இருக்காது.

செல்போன்லயாவது ஜிபிஎஸ்னு ஒண்ணு இருக்கு. மேஜை போனுக்கு தான் எங்க இருக்கோம்னு சுத்தமா தெரியாது. நாம சொல்லி வெச்சிருந்தாதான் அது சொல்லும். நாம தப்பா சொல்லி வெச்சிருந்தா தப்பாதான் சொல்லும், அதையும் ரொம்ப நம்பிக்கையா சொல்லும். இத மனசுல வெச்சுக்கிட்டு படிங்க, கீழ சொல்ற எல்லா வேலையும் இது ஒண்ணுக்காகத்தான்.

சட்டம் என்ன சொல்லுது, சுருக்கமா

ரெண்டு சட்டம் இருக்கு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. முதல்ல வந்தது கேரிஸ் லா. 2013 டிசம்பர் 1ம் தேதி டெக்சஸ்ல மார்ஷல்ங்கற ஊர்ல ஒரு மோட்டல் ரூம்ல கேரி ஹண்ட் டன்ங்கற பொண்ண அவங்கள விட்டுப் பிரிஞ்சிருந்த புருஷன் கொன்னுட்டான். பக்கத்துலயே இருந்த 9 வயசு மக ரூம் போன்ல நாலு தடவ 911 அடிச்சிருக்கா, ஒண்ணு கூட போகல, ஏன்னா வெளிய கால் போகணும்னா முதல்ல 9 அடிக்கணும். வீட்டுல சொல்லிக் குடுத்தபடி கரெக்டாதான் அடிச்சா அந்தக் குழந்தை, சிஸ்டம்தான் அந்த முதல் 9-ஐ வெளி லைனுக்குன்னு எடுத்துக்கிட்டு மிச்ச நம்பருக்காக சும்மா உக்காந்திருந்துச்சு. கேரியோட அப்பா ஹாங்க் ஹண்ட் விடாம அலைஞ்சதுல மாத்தம் வந்துச்சு, 2018 பிப்ரவரி 16 அன்னிக்கு ஃபெடரல் சட்டமா கையெழுத்தாச்சு. நாட்டோட முதல் 911 கால் அலபாமால ஹேலிவில்ல போனது 1968 பிப்ரவரி 16, அதாவது சரியா 50 வருஷம் கழிச்சு அதே தேதி.

இந்தச் சட்டம் ரெண்டு விஷயம் கேக்குது. ஒண்ணு, முன்னாடி எந்த நம்பரும் இல்லாம 911 மட்டும் அடிச்சா நேரா போகணும். ரெண்டு, அப்படி யாராவது அடிச்ச அதே நேரத்துல ஃப்ரண்ட் டெஸ்க்கோ செக்யூரிட்டியோ, பாக்கறதுக்கு ஆள் இருக்கற ஒரு இடத்துக்கு தகவல் போகணும். 2020 பிப்ரவரி 16க்கு அப்புறம் தயாரிச்ச, வித்த, லீஸுக்கு விட்ட, இல்ல மாட்டின சிஸ்டம் எல்லாத்துக்கும் இது பொருந்தும்.

அடுத்தது ரே பாம்ஸ் ஆக்ட், அதுல 506வது பிரிவு. இதுவும் 2018லதான், மார்ச்ல வந்துச்சு. இதுல இருந்துதான் எஃப்சிசி (போன் சம்பந்தமா ரூல் போடற ஃபெடரல் கமிஷன்) 2019 ஆகஸ்ட்ல "டிஸ்பாட்சபிள் லொகேஷன்" ரூல் போட்டாங்க. பேரு பெருசா இருந்தாலும் சங்கதி சிம்பிள். செக் பண்ணி உறுதியான தெரு அட்ரஸ், அதோட கூட மாடி, சூட், ரூம்னு ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க என்ன வேணுமோ அது, ரெண்டும் கால் கூடவே 911 சென்டருக்குப் போகணும். ஒரே இடத்துல அசையாம இருக்கற போனுக்கு 2021 ஜனவரி 6ல இருந்து, எடுத்துக்கிட்டு நடக்கற வைஃபை போன், லேப்டாப்ல ஓடற சாஃப்ட்போன், வீட்டுல இருந்து வேலை செய்யறவங்க போன் இதுக்கெல்லாம் 2022 ஜனவரி 6ல இருந்து. ரெண்டு தேதியும் எப்பவோ தாண்டியாச்சு.

"என் சிஸ்டம் 2015ல போட்டது, எனக்கு இது கிடையாது"ன்னு சொல்றவங்க இருக்காங்க. ஃபெடரல் சட்டப்படி பாத்தா அது ஒரு அளவுக்கு சரிதான், ஆனா உங்க ஸ்டேட்டுக்குன்னு தனி சட்டம் இருக்கலாம், டெக்சஸ்ல ஃபெடரலுக்கு முன்னாடியே 2015ல தனியா போட்டுட்டாங்க, சில ஸ்டேட்ல பில்டிங் எத்தன சதுர அடின்னு பாத்து ரூல் மாறும். அத விடுங்க, பழைய டப்பால கூட 911-ஐ நேரா விடறதுக்கு நிறைய நேரம் ஒரு வரி செட்டிங்தான் மாத்தணும். அத மாத்தாம இருக்கறதுக்கு சட்டத்துல ஓட்டை தேடறவங்களப் பாத்தா எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. இன்னொண்ணு, பழச தூக்கிப் போட்டுட்டு இன்டர்நெட் வழியா ஓடற கிளவுட் போனுக்கு மாறுனீங்கன்னா அது புது சிஸ்டம், பழைய கணக்கு எடுபடாது.

முதல் வேலை: 911 நேரா போகுதா

டயல் பிளான் திறங்க, அதாவது எந்த நம்பர் அடிச்சா கால் எங்க போகணும்னு சிஸ்டத்துல எழுதியிருக்கற பட்டியல். 911ங்கற பேட்டர்ன் தனியா, எல்லாத்துக்கும் மேல, வேற எதோடயும் ஒட்டாம இருக்கணும். மூணு டிஜிட் விழுந்த உடனே கால் கிளம்பணும், இன்னும் ஏதாவது வருமான்னு அஞ்சு செகண்ட் காத்துக்கிட்டு இருக்கக் கூடாது. இதுல எல்லாரும் தடுக்கி விழற இடம் என்னன்னா சர்வர்ல மட்டும் மாத்திட்டு போன்ல இருக்கற டிஜிட் மேப்ப, அதாவது எத்தன நம்பர் விழுந்தா காலை அனுப்பணும்னு போனுக்குள்ளயே இருக்கற ரூல, மறந்துடுவாங்க. மோட்டல் ரூம்ல இருக்கறது பெரும்பாலும் சாதா அனலாக் போன், அது ஒரு கேட்வே டப்பா வழியாத்தான் சிஸ்டத்துக்கு வரும், அந்த டப்பாக்குள்ளயே தனியா ஒரு டிஜிட் மேப் இருக்கும், அதுல 9ன்னு ஆரம்பிச்சா வெளி லைன்னு எழுதியிருந்தா சர்வர்ல நீங்க என்ன அழகா எழுதியும் பிரயோஜனம் இல்ல.

9911-ஐயும் விட்டுடாதீங்க. இத்தன வருஷமா 9 அடிச்சுப் பழகின கை பதட்டத்துல 9911தான் அடிக்கும், அதுவும் போய்ச் சேரணும். ரெண்டு பேட்டர்னும் ஒரே எமர்ஜென்சி ரூட்டுக்குப் போகட்டும். ஃப்ரீபிபிஎக்ஸ் மாதிரி ஆபீஸ் போன் சாஃப்ட்வேர்ல அவுட்பவுண்ட் ரூட்லயே (வெளி கால் போற வழி) எமர்ஜென்சின்னு ஒரு டிக் இருக்கு, எக்ஸ்டென்ஷன்ல (ஒவ்வொரு போனுக்கும் இருக்கற உள் நம்பர்) எமர்ஜென்சி சிஐடின்னு, அதாவது 911 அடிச்சா காட்ட வேண்டிய காலர் ஐடிக்குன்னு தனி கட்டம் இருக்கு, ரெண்டும் வேலை செய்யறதுக்குத்தான் குடுத்திருக்காங்க, காலியா விடாதீங்க.

இத சரி பண்ணின மறு வாரமே வேற ஒரு தலைவலி வரும், இப்பவே சொல்லிடறேன். வெளி லைனுக்கு 9, லாங் டிஸ்டன்ஸுக்கு 1, இப்படி பழகின ஆளு 9 அடிச்சு 1 அடிச்சு கை தவறி இன்னொரு 1 அடிச்சா நேரா 911 சென்டர்தான். ஆள் பதறிப்போய் போனை வெச்சிடுவாரு, அதுதான் தப்பு, ஏன்னா வெச்சிட்டா அவங்க திரும்பக் கூப்பிடுவாங்க, எடுக்கலன்னா போலீஸ் வந்து கதவைத் தட்டலாம். கை தவறி அடிச்சா லைன்லயே இருந்து தப்பா அடிச்சிட்டேன்னு சொல்லிட்டு வைக்கணும், இத ஸ்டாஃப் எல்லாருக்கும் சொல்லி வைங்க. நிரந்தரமா தீரணும்னா வெளி லைனுக்கு அடிக்கற நம்பர 9ல இருந்து 8க்கு மாத்துங்க, இல்ல அந்த நம்பரே வேண்டாம்னு எடுத்துடுங்க. ஸ்டாஃப் ஒரு மாசம் முணுமுணுப்பாங்க, அப்புறம் மறந்துடுவாங்க.

மோட்டல் வெச்சிருக்கறவங்க இன்னொண்ணு கட்டாயம் பாக்கணும். கெஸ்ட் செக் அவுட் பண்ணதும் ஹோட்டல் சாஃப்ட்வேர் அந்த ரூம் போன்ல வெளி கால பூட்டிடும், காசு போகக் கூடாதுன்னு. அந்தப் பூட்டு 911-ஐயும் சேத்துப் பூட்டுதான்னு பாருங்க. காலி ரூம்ல கிளீன் பண்ணிட்டிருக்கற அம்மா வழுக்கி விழுந்தா அந்த போன்தான கைக்கு எட்டும்? ஒரு இடத்துல நான் 12 காலி ரூம்ல டெஸ்ட் பண்ணிப் பாத்தேன், 12லயும் பீப் பீப்னுதான் வந்துச்சு, மேனேஜர் என்ன விட அதிர்ச்சியாயிட்டாரு.

ரெண்டாவது: காலால நடந்து ஒரு லிஸ்ட்

சிஸ்டத்துல இருந்து எக்ஸ்டென்ஷன் லிஸ்ட்ட எடுத்து பிரிண்ட் போட்டு அதையே நம்பாதீங்க. அதுல "ராபர்ட் டெஸ்க்"னு இருக்கும், ராபர்ட் வேலைய விட்டுப் போய் நாலு வருஷம் ஆகியிருக்கும். பேனா எடுத்துக்கிட்டு பில்டிங் முழுக்க நடங்க. ஒவ்வொரு போனுக்கும் எக்ஸ்டென்ஷன் நம்பர், எந்த பில்டிங், எந்த மாடி, எந்த ரூம், வயர் எந்த நெட்வொர்க் ஸ்விட்ச்ல (வயரெல்லாம் வந்து சேர்ற டப்பா) எந்த போர்ட்டுக்குப் போகுது, அசையாத போனா இல்ல எடுத்துக்கிட்டு நடக்கறதா, இவ்வளவையும் எழுதுங்க. லாபி போன், கிச்சன் சுவர் போன், நீச்சல் குளத்துப் பக்கம் மாட்டியிருக்கறது, கான்ஃபரன்ஸ் ரூம் நடுவுல நண்டு மாதிரி உக்காந்திருக்கற ஸ்பீக்கர் போன், லோடிங் டாக் போன், இதெல்லாம் தான் எப்பவும் விட்டுப் போகும், ஆனா அடிபடறது பெரும்பாலும் இந்த மாதிரி இடத்துலதான். ஃபேக்ஸ் லைன் தனி கம்பெனில வாங்கியிருந்தா அதுக்கு தனி அட்ரஸ் ரெக்கார்டு இருக்கும், அதையும் எழுதிக்கோங்க. லிஃப்ட் போனுக்கு வேற ரூல், அத லிஃப்ட் ஆளுங்ககிட்ட கேளுங்க.

அப்புறம் இடத்த ஏரியாவா பிரிங்க. சின்ன ஒத்த மாடி ஆபீஸ், ஒரு வாசல், உள்ள வந்தா மொத்தமும் கண்ணுக்குத் தெரியும்னா தெரு அட்ரஸ் மட்டுமே போதும், எஃப்சிசியும் அப்படிப்பட்ட இடத்துக்கு ரூம் நம்பர் கேட்டு அடம் பிடிக்கல. ஆனா ரெண்டு மாடி, ரெண்டு பில்டிங்னு போனா மாடியும் பக்கமும் வேணும். மோட்டல்னா ரூம் நம்பரேதான் வேணும், வேற பேச்சே இல்ல, பூட்டின கதவு 40 இருக்கற இடத்துல "2வது மாடி"ன்னு சொன்னா ஃபயர் ஆளுங்க எந்தக் கதவ உடைப்பாங்க?

பேர் வைக்கறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. உங்களுக்குப் புரியற பேரு வெளியாளுக்குப் புரியாது. "புது விங்", "ஜானி ஆபீஸ் பக்கம்", "பழைய கிடங்கு", இதெல்லாம் வேண்டாம். ராத்திரி 2 மணிக்கு அந்த பில்டிங்க முதல் தடவ பாக்கற ஆம்புலன்ஸ்காரர் கதவுல, சுவத்துல என்ன எழுத்தப் பாப்பாரோ அதே எழுத்துதான் இருக்கணும். வாசல்ல "பி" பில்டிங்னு போர்டு இருந்தா சிஸ்டத்துலயும் பி தான். அதோட சின்னதா வைங்க, 20 எழுத்துக்குள்ள அடக்குங்க, பழைய ஸ்க்ரீன்ல அதுக்கு மேல போனா வால் அறுந்துடும். "பில்டிங் பி மாடி 2 ரூம் 214"ன்னு நீட்டி முழக்காம பி, 2, 214 மூணும் தெரியற மாதிரி சுருக்கி எழுதுங்க, ரூம் நம்பர் கடைசில வந்து அதுவே அறுந்து போச்சுன்னா மொத்த வேலையும் வீண்.

மூணாவது: அட்ரஸ நம்பரோட கட்டறது

இதுதான் நெஞ்சுப் பகுதி, கொஞ்சம் நிதானமா படிங்க. 911 கால் போகும்போது அந்தப் பக்கம் அட்ரஸ் எப்படித் தெரியுதுன்னா, கூடவே போற காலர் ஐடி நம்பர வெச்சு ஒரு டேட்டாபேஸ்ல தேடறாங்க. நம்பருக்கு எதிர்ல என்ன அட்ரஸ் எழுதியிருக்கோ அது ஸ்க்ரீன்ல வரும். இப்ப உங்க ஆபீஸ்ல 80 எக்ஸ்டென்ஷன் இருக்கு, எல்லாம் வெளிய போகும்போது மெயின் நம்பரக் காட்டுதுன்னா 80 போனும் ஒரே அட்ரஸ்லதான் இருக்குன்னு அர்த்தம். பல இடத்துல இன்னிக்கு தேதிக்கு நிலைமை இதுதான்.

சரி பண்ண ரெண்டு மூணு வழி இருக்கு. ஒவ்வொரு போனுக்கும் சொந்தமா வெளி நம்பர் இருந்தா ரொம்ப ஈஸி, ஒவ்வொரு நம்பருக்கும் அதோட ரூம் அட்ரஸ கேரியர் (லைன் குடுக்கற போன் கம்பெனி) போர்ட்டல்ல போட்டுட்டா முடிஞ்சது. அப்படி இல்லன்னா ஈலின் (ELIN)னு சொல்ற முறை. ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒண்ணோ ரெண்டோ நம்பர் ஒதுக்கி அதுக்கு அந்த ஏரியா அட்ரஸ ரெஜிஸ்டர் பண்ணிடணும், அந்த ஏரியால எந்த எக்ஸ்டென்ஷன்ல இருந்து 911 அடிச்சாலும் காலர் ஐடியா இந்த நம்பர் போகும், 911 சென்டர் திரும்ப அந்த நம்பருக்கு அடிச்சா சிஸ்டம் ஞாபகம் வெச்சு அடிச்ச எக்ஸ்டென்ஷனுக்கே தள்ளி விடும். ஒரு ஏரியாவுக்கு ஒரே நம்பர் வெச்சீங்கன்னா ஒரே நேரத்துல ரெண்டு பேர் அடிச்சா ரெண்டாவது ஆளு முதல் ஆளோட ஞாபகத்த அழிச்சிடுவாரு, தீ பிடிச்சா ஒருத்தரா அடிப்பாங்க? அதனால பெரிய ஏரியாவுக்கு ரெண்டு மூணு ஒதுக்குங்க. 60 ரூம் மோட்டலுக்கு 60 நம்பர் வாங்கணுமான்னு கேட்டா, இப்பல்லாம் எஸ்ஐபி கால் (இன்டர்நெட் வழியா போற கால்) கூடவே லொகேஷன ஒட்டி அனுப்பற 911 சர்வீஸ் தனியா கிடைக்குது, எக்ஸ்டென்ஷனுக்கு ஒரு அட்ரஸ்னு போட்டுக்கலாம், உங்க கேரியர்கிட்ட அது இருக்கான்னு கேட்டுட்டு அப்புறம் நம்பர் வாங்குங்க.

அட்ரஸ் போடும்போது போர்ட்டல் "வேலிடேட் ஆகல"ன்னு துப்பும். போஸ்ட் ஆபீஸ் பாக்ஸ் போட்டா துப்பும், தெரு பேரோட ஈஸ்ட், வெஸ்ட் விட்டுப் போனா துப்பும், ஹைவே நம்பரும் ஊருக்குள்ள பேரும் வேற வேறயா இருந்தா துப்பும். 911காரங்களுக்குன்னு அங்கீகரிச்ச தெரு லிஸ்ட் ஒண்ணு இருக்கு, அதுல எப்படி இருக்கோ அப்படித்தான் ஏத்துக்கும். அவசரத்துக்கு ஏதோ ஒண்ணு பச்சை டிக் விழற மாதிரி பக்கத்து அட்ரஸப் போட்டுட்டு நகர்ந்துடாதீங்க, அப்படி ஒரு இடத்துல யாரோ பண்ணி வெச்சிருந்தாங்க, நாலு கடை தள்ளி ஒரு சலூன் அட்ரஸ் வந்துச்சு. அட்ரஸே இல்லாத நம்பர்ல இருந்து 911 போனா சில கேரியர் தனியா ஃபீஸும் தீட்டுவாங்க, அத விடப் பெரிய செலவு ஆள் வந்து சேர ஆகற நேரம்.

கிளைகள் இருக்கற கம்பெனிக்கு ஒரு எச்சரிக்கை. எல்லா கிளையோட காலும் தலைமை ஆபீஸ் ட்ரங்க் (வெளி லைன்) வழியா வெளிய போற மாதிரி வெச்சிருந்தா, அடுத்த ஸ்டேட்ல இருக்கற கிளைல அடிச்ச 911 தலைமை ஆபீஸ் இருக்கற ஊர் சென்டருக்குப் போய் நிக்கும். எடுக்கறவங்களுக்கு அந்த ஊர் தெருவே தெரியாது, அவங்க வேற ஒருத்தர்கிட்ட மாத்தணும், அதுக்குள்ள பொன்னான நிமிஷம் போயிடும். ஒவ்வொரு கிளைக்கும் அந்த ஊர் அட்ரஸ் கட்டின நம்பர்லதான் எமர்ஜென்சி கால் போகணும்.

நடமாடற போன் இருந்தா

ஹாட் டெஸ்க்னு ஒண்ணு இருக்கே, காலைல வர்ற ஆளு எந்த மேஜைல வேணா உக்காந்து லாகின் பண்ணா அவரோட எக்ஸ்டென்ஷன் அங்க வந்துடும், அதுல மாட்டிக்காதீங்க. லொகேஷன் ஆளோட எக்ஸ்டென்ஷனோட ஒட்டியிருந்தா அவரு 5வது மாடில உக்காந்து அடிச்சாலும் 2வது மாடின்னு வரும். அது மேஜைல இருக்கற போனோட, இன்னும் கரெக்டா சொன்னா ஸ்விட்ச் போர்ட்டோட ஒட்டியிருக்கணும்.

வைஃபை போனுக்கும் லேப்டாப்புக்கும் நெட்வொர்க்க வெச்சுத்தான் இடம் கண்டுபிடிக்க முடியும். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் மாதிரி சிஸ்டம்ல வைஃபை ஆக்சஸ் பாயிண்ட்டோட (வைஃபை சிக்னல் விடற டப்பா) அடையாள நம்பர், சப்நெட் (நெட்வொர்க்ல பிரிச்ச ஒரு பகுதி), ஸ்விட்ச், போர்ட், இத ஒவ்வொண்ணையும் ஒரு இடத்தோட கட்டி வைக்கலாம். மாடிக்கு ஒரு சப்நெட் பிரிச்சிருந்தா சுலபமா முடியும், மொத்த பில்டிங்கும் ஒரே சப்நெட்னா ஆக்சஸ் பாயிண்ட் கணக்குலதான் போகணும், அப்ப நெட்வொர்க் ஆளு ஒரு ஆக்சஸ் பாயிண்ட்ட மாத்திட்டு உங்ககிட்ட சொல்லலன்னா அந்த மூலை இருட்டாயிடும். நெட்வொர்க் டீமையும் போன் டீமையும் ஒரே ரூம்ல உக்கார வெச்சுப் பேசுங்க, கஷ்டம்தான்.

வீட்டுல இருந்து வேலை செய்யறவங்களுக்கு தானா கண்டுபிடிக்க முடிஞ்சா நல்லது, முடியலன்னா அவங்களே அட்ரஸ் போடற மாதிரி ஆப்ல கேக்கணும். நெட்வொர்க் மாறினதும் "இப்ப எங்க இருக்கீங்க"ன்னு ஒரு பெட்டி வரும் பாருங்க, எல்லாரும் எரிச்சலோட மூடற பெட்டி, அது இதுக்குத்தான். விபிஎன் (வெளிய இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள நுழையற வழி) போட்டிருந்தா ஆளு வீட்டுல இருந்தாலும் சிஸ்டத்துக்கு ஆபீஸ்ல இருக்கற மாதிரி தெரியும், விபிஎன் ஐபி ரேஞ்சுக்கு ஆபீஸ் அட்ரஸ் ஒட்டாம பாத்துக்கோங்க.

தகவல் யாருக்குப் போகுது

911 அடிச்ச உடனே உள்ள இருக்கறவங்களுக்கு அலர்ட் போகணும்னு சொன்னேன்ல, அதுல மூணு விஷயம் இருக்கணும்: 911 அடிச்சிருக்காங்கங்கற சேதி, திரும்பக் கூப்பிடற நம்பர், 911 சென்டருக்குப் போன அதே இடத் தகவல். ஸ்க்ரீன்ல வரலாம், எஸ்எம்எஸ்ஸா, ஈமெயிலா, போனா வரலாம், வேற ஊர்ல இருக்கற செக்யூரிட்டிக்குப் போனாலும் ஒத்துக்கறாங்க. இதுக்காக 911 கால் ஒரு நொடி கூட தாமதமாகக் கூடாது, ஃப்ரண்ட் டெஸ்க்ல எடுத்து விசாரிச்சிட்டு அப்புறம் அனுப்பறதுங்கறதெல்லாம் கிடையவே கிடையாது.

ஈமெயில் மட்டும் வெச்சிருக்கறது எனக்குப் பிடிக்கல. யாரு ஈமெயில அந்த நொடியே பாக்கறா? ஒரு கிளினிக்ல எல்லாம் பக்காவா இருக்குன்னு சொன்னாங்க, டெஸ்ட் கால் போட்டேன், யாருக்கும் ஒண்ணும் வரல, தோண்டிப் பாத்தா அலர்ட் எல்லாம் ரெண்டு வருஷம் முன்னாடி வேலைய விட்டுப் போன ஒருத்தரோட மெயில்பாக்ஸ்ல அழகா வரிசையா உக்காந்திருக்கு, அதுல ஒரு நிஜ கால் கூட இருந்துச்சு. ஆள் பேருக்குப் போடாதீங்க, ஃப்ரண்ட் டெஸ்க் போன்ல சத்தமா அடிக்கற மாதிரி ஒண்ணு, அப்புறம் நாலஞ்சு பேருக்கு எஸ்எம்எஸ்னு வைங்க. அலர்ட் வந்தா என்ன செய்யணும்னும் சொல்லிக் குடுங்க: ஒருத்தர் அந்த ரூமுக்கு ஓடணும், ஒருத்தர் வாசல்ல நின்னு கேட்டத் திறந்து லிஃப்ட்ட பிடிச்சு வைக்கணும். இந்த அலர்ட்டோட முழு பலனே அந்த வாசல்ல நிக்கற ஆளுதான்.

திரும்ப வர்ற காலும் முக்கியம். 911 சென்டர் திருப்பிக் கூப்பிடும்போது "சேல்ஸுக்கு 1 அழுத்தவும்"னு மெஷின் பேசினா எப்படி இருக்கும்? அந்த கால் ஆட்டோ அட்டெண்டன்ட்ட தாண்டி, டூ நாட் டிஸ்டர்ப், ஃபார்வர்டிங் எல்லாத்தையும் தாண்டி அடிச்ச போனுக்கே போகணும், யாரும் எடுக்கலன்னா ஃப்ரண்ட் டெஸ்க்குக்கு.

டெஸ்ட் பண்ற விதம்

முதல்ல 933 அடிச்சுப் பாருங்க, நிறைய கேரியர்லயும் டீம்ஸ்லயும் அது ஒரு மெஷினுக்குப் போகும், உங்க நம்பரையும் அதுக்குக் கட்டியிருக்கற அட்ரஸையும் படிச்சுக் காட்டும், நிஜ ஆள தொந்தரவு பண்ணாது. உங்க கேரியர்ல 933 இருக்கான்னு கேட்டுக்கோங்க. 933 நல்லா வேலை செஞ்சாலும் 911 ரூட் உடைஞ்சிருக்கலாம், ஏன்னா ரெண்டும் தனித்தனி பேட்டர்ன், அதனால நிஜ 911 டெஸ்ட்டும் ஒரு தடவை வேணும்.

அதுக்கு நேரா அடிச்சிடாதீங்க. உங்க ஊர் 911 சென்டரோட நான் எமர்ஜென்சி நம்பருக்குப் பேசி இத்தன போன்ல இருந்து டெஸ்ட் பண்ணணும், எப்ப வசதின்னு கேளுங்க, கூட்டம் இல்லாத நேரம் குடுப்பாங்க. அடிச்சு எடுத்ததும் முதல் வாக்கியமே "திஸ் இஸ் எ டெஸ்ட் கால், நாட் அன் எமர்ஜென்சி"தான், ஹலோ கூட அப்புறம். அவங்க பிஸின்னா வெச்சிடுங்க. ஃப்ரீயா இருந்தா மூணு விஷயம் படிக்கச் சொல்லுங்க: திரும்பக் கூப்பிடற நம்பர், தெரு அட்ரஸ், மாடி இல்ல ரூம் இருக்கற வரி. நீங்க முன்னாடியே அட்ரஸ சொல்லிட்டு "கரெக்டா?"ன்னு கேக்காதீங்க, பாவம் அவங்களும் ஆமான்னுடுவாங்க. ஏரியாவுக்கு ஒரு போனாவது இப்படி பண்ணுங்க, அப்புறம் ஒரு தடவ திருப்பிக் கூப்பிடச் சொல்லி அந்த போனே அடிக்குதான்னு பாருங்க. அதே நேரத்துல ஃப்ரண்ட் டெஸ்க்ல ஒருத்தர நிறுத்தி அலர்ட் எத்தன செகண்ட்ல வருதுன்னு பாக்கச் சொல்லுங்க.

கரண்ட் போனா என்ன ஆகும்னும் ஒரு தடவ பாருங்க. வயர்லயே கரண்ட் வாங்கற போனுக்கு ஸ்விட்ச் நின்னா உயிர் போச்சு, யுபிஎஸ் ஸ்விட்சுக்கும் இருக்கணும், ரவுட்டருக்கும் இருக்கணும், அனலாக் கேட்வேக்கும் இருக்கணும். இன்டர்நெட் அறுந்தா கால் எந்த வழியா போகும், அந்த மாத்து வழில போகும்போது எந்த நம்பர் காட்டும், அந்த நம்பருக்கு எந்த அட்ரஸ்னு பாத்துடுங்க. மாத்து வழிலதான் பழைய அட்ரஸ் ஒளிஞ்சிருக்கும்.

அதுக்கப்புறம்

செட் பண்ண அன்னிக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கும், ஆறு மாசத்துல கெட்டுப் போகும். கெடுக்கறது ஹேக்கர் இல்ல, மேஜைய மாத்திப் போடற ஆளு. அக்கவுண்ட்ஸ் டீம் 3வது மாடிக்கு மாறும், அவங்க போனை கையிலயே தூக்கிட்டுப் போய் அங்க இருக்கற சாக்கெட்ல சொருகுவாங்க, டயல் டோன் வரும், எல்லாரும் சந்தோஷமா வேலைய பாப்பாங்க, 911 மட்டும் இன்னும் 1வது மாடிலயே உக்காந்திருக்கும். கேரியர் மாத்தினா, நம்பர வேற கம்பெனிக்கு போர்ட் பண்ணா, சிஸ்டம் அப்கிரேட் பண்ணா, சுவர இடிச்சு ரூம் நம்பர மாத்தினா, இது ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் 933 அடிச்சு ஒரு சுத்து வரணும், வருஷத்துக்கு ரெண்டு தடவ சும்மாவும் வரணும். மோட்டல்னா ஹவுஸ்கீப்பிங் ஆளுங்ககிட்டயே அந்த வேலைய குடுக்கலாம், ரூம் கிளீன் பண்ணும்போது 933 அடிச்சு ரூம் நம்பர் காதுல விழுதான்னு கேட்டு ஷீட்ல டிக் போட ஒரு நிமிஷம் ஆகாது.

நான் இப்ப எல்லா போனுக்கும் அடியில ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிடறேன், எக்ஸ்டென்ஷன், ரூம் நம்பர், கீழ ஒரு வரி: "நகர்த்துறதுக்கு முன்னாடி ஐடிக்கு சொல்லுங்க". வயர கழட்டணும்னா போனை கவுத்துத்தான் ஆகணும், அப்ப அது கண்ணுல பட்டே தீரும்.